சுவாசானந்தரின் பித்தளைக் குடம்

மன்னார்குடிக்குத் தெற்கே, வருஷக்கணக்காக மூடிக் கிடந்த ஓர் அரிசி ஆலையில், சென்ற கார்த்திகை முதல் மாசி வரை ஞாயிற்றுக்கிழமை தோறும் மனிதர்களின் நுரையீரல் வெளுத்துத் தரப்பட்டது. ஒரு வேட்டியை வெளுக்கவே சோப்பு, கல், தண்ணீர், கொஞ்சம் கை வலி எல்லாம் வேண்டும். நுரையீரலுக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. சுவாசானந்தரின் அமுதக்குழல் ஒன்று போதும்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். திருப்பனந்தாளிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார்கள். முப்பது வருஷம் பீடி குடித்தவர், நாற்பது வருஷம் சுருட்டுக் குடித்தவர், சிகரெட்டை விட முடியாமல் வருஷத்துக்கு இரண்டு முறை மாலை போட்டுப் பார்த்தவர் என்று எல்லாரும் வந்தார்கள். ஆலை வாசலில் பேனர் தொங்கியது. 'புகைத்த நெஞ்சுக்குப் புதுவாழ்வு. பதினெட்டுச் சித்தர் பரம்பரை. மருந்து இல்லை, ஊசி இல்லை, பத்தியம் இல்லை.' நம் ஜனங்களுக்கு முதல் இரண்டு வரிகளில் பக்தி வரும். மூன்றாவது வரியில் உயிரே வரும்.

குழல் ஒரு பேனா நீளம் இருக்கும். பித்தளை நிறம். வாயில் வைத்து இழுத்தால் நுனியில் நீல விளக்கு எரியும். பிறகு வெள்ளையாக ஆவி வரும். அதில் மாம்பழ ஐஸ்கிரீம் வாசனை அடிக்கும். பதினெட்டுச் சித்தர்களில் ஐஸ்கிரீம் கண்டவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. குழலுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை ஜீவசக்தி ஏற்ற வேண்டும் என்றார் சுவாசானந்தர். ஜீவசக்தி செல்போன் சார்ஜரிலேயே ஏறியது. அதையும் ஒருவரும் கேட்கவில்லை.

பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு, அந்தக் கூட்டத்தில் அகிலாண்டம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் கணவன் வைத்தியலிங்கம். நடுவாய்க்கால் கிராமத்தில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், சொந்த நிலமும் நான்கு மா குத்தகையுமாக விவசாயம் செய்கிறவர்கள். வைத்தியலிங்கத்துக்கு ஐம்பத்தாறு வயது. பதினெட்டு வயதில் பற்ற வைத்த பீடியை அவர் இன்னும் அணைக்கவில்லை. ஆள் மாறி ஆள் தீபம் காப்பது மாதிரி, ஒரு பீடியின் நெருப்பை அடுத்த பீடிக்குக் கொடுத்து முப்பத்தெட்டு வருஷம் காப்பாற்றிக்கொண்டு வந்திருந்தார். வயலில் ஒரு வரப்பு ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, மூச்சுக்குழாய் சுருங்கிப் போயிருக்கிறது, பீடியை விடுங்கள் என்று சொல்லி இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இன்ஹேலரை ஒழுங்காக அடித்தார். பீடியை ஒழுங்காக விடவில்லை.

மேடையில் சுவாசானந்தர் வந்து உட்கார்ந்தார். நாற்பது வயது இருக்கும். காவி ஜிப்பா, நெற்றி நிறைய விபூதி, கையில் ஸ்மார்ட் வாட்ச். பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு வைரக்கண்ணு நின்றான். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவன். இப்போது தலைமைச் சீடன். ஒலிபெருக்கி சொந்தமாக வைத்திருப்பவனுக்குத்தான் அந்தப் பதவி பொருந்தும்.

மேடையில் இரண்டு குடங்கள் இருந்தன. ஒன்று பித்தளை, ஒன்று செம்பு.

"புதுசா வந்தவங்கள்ல ஒருத்தர் மேல வாங்க" என்றான் வைரக்கண்ணு. அகிலாண்டம் பிடிப்பதற்குள் வைத்தியலிங்கம் எழுந்து போய்விட்டார்.

பித்தளைக் குடத்திலிருந்து ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் மொண்டார்கள். பளிங்கு போலத் தெளிவாக இருந்தது. அதில் ஒரு உறிஞ்சுகுழாயைப் போட்டு ஊதச் சொன்னார்கள். வைத்தியலிங்கம் ஊதினார். தண்ணீர் குமிழியிட்டது. பத்து எண்ணுவதற்குள் மங்கியது. இருபது எண்ணுவதற்குள் நீராகாரம் மாதிரி வெளுத்துப் போயிற்று.

கூட்டம் 'ஆ' என்றது.

"பாத்துக்கங்க" என்றார் சுவாசானந்தர், தம்ளரைத் தூக்கிப் பிடித்து. "முப்பது வருஷத்துக் கசடு. இது உங்க நெஞ்சுல இருந்து வந்தது, ஐயா. இதுல பாதி உங்களக் கொல்லப் போவுது, மீதிப் பாதி உங்க குடும்பத்த."

அடுத்து, நாற்பத்தெட்டு நாள் முடித்த ஒருவரை அழைத்தார்கள். அவர் செம்புக் குடத்துத் தண்ணீரில் ஊதினார். ஊதினார், ஊதினார், கண் பிதுங்க ஊதினார். தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது.

"கசடு போயிடுச்சு" என்றார் சுவாசானந்தர் அமைதியாக.

வைத்தியலிங்கம் கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்றைக்கே காணிக்கை வைத்துக் குழலையும், அமுதம் என்று எழுதி ஒரு சித்தர் படம் ஒட்டிய சிறு புட்டியையும் வாங்கிக்கொண்டார். துளசி, தூதுவளை, ஆடாதொடை, வேறொன்றுமில்லை என்று சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் பீடிக்கட்டை அடுப்பில் போட்டார். அகிலாண்டத்துக்குக்கூட அந்த நிமிஷம் சுவாசானந்தரைக் கும்பிடலாம் போலிருந்தது. முப்பது வருஷமாக அவள் அழுதும் கத்தியும் செய்ய முடியாததை ஒரு தம்ளர் தண்ணீர் செய்துவிட்டதே.

அடுப்பில் பீடிக்குப் பின்னாலேயே இன்ஹேலரும் போகப் பார்த்தது. அவள் பிடுங்கி எடுத்தாள்.

"சாமி சொன்னாரு, இது உள்ள போனா அமுதம் வேலை செய்யாதாம்" என்றார்.

"சாமி டாக்டருக்குப் படிச்சிருக்காரா?"

"டாக்டருக்குப் படிச்சவன்தான் எட்டு வருஷமா என்னய குணப்படுத்தலயே."

பீடியை விடச் சொன்ன டாக்டர் பேச்சை எட்டு வருஷமும் தாம் கேட்கவில்லை என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை. மனிதனுக்கு ஞாபகம் வேண்டிய இடத்தில்தான் வரும்.

முதல் பத்து நாள் நன்றாகத்தான் போயிற்று. பீடி நாற்றம் இல்லை. எச்சில் துப்பல் குறைந்தது. வைத்தியலிங்கம் வயலில் ஐஸ்கிரீம் வாசனையோடு நடமாடினார். பிறகு அகிலாண்டம் கவனித்தாள். பீடியாவது முடிந்தால் அணையும். குழல் முடிவதில்லை. கண் விழித்ததும் இழுத்தார். பல் விளக்குவதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. சாப்பாட்டுக்கு நடுவில் இழுத்தார். ஒருநாள் சார்ஜ் இறங்கி, ஊரில் மின்சாரமும் இல்லாமல் போனபோது, மனிதர் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தார். பீடி இல்லாத நாட்களில் நடந்த அதே நடை. மூச்சிரைப்பும் குறையவில்லை. இன்ஹேலரைத் தொடாததால் கூடிக்கொண்டே போயிற்று.

"கசடு இளகி வருதும்மா. அப்படித்தான் இருக்கும்" என்று வைரக்கண்ணு போனில் சொன்னான். குறைந்தால் குழலின் மகிமை, கூடினால் கசடு இளகுகிறது. இப்படி ஒரு வைத்தியத்தை எந்த நோயாலும் தோற்கடிக்க முடியாது.

இன்னும் பெரிய அதிசயம் கடைத்தெருவில் நடந்தது. மளிகைக் கடை ஹபீப் முகம்மது ஐம்பது வருஷ வாழ்க்கையில் பீடியைத் தொட்டதில்லை, சிகரெட்டை மோந்ததில்லை. அவரும் ஒரு குழல் வாங்கிவிட்டார். ஜும்ஆ தொழுகை முடிந்து வருகிறவர்கள் கேட்டால், "முன்கூட்டியே சுத்தம் பண்ணி வச்சிக்கிறதுதான் நல்லது" என்பார். அவர் மனைவி அகிலாண்டத்திடம் வேறு மாதிரி சொன்னாள். "பாய்க்கு இப்ப அஞ்சு நிமிஷம் அது இல்லாட்டி கடையில எடை தப்புது அக்கா. நோன்பு வரப்போவுது. பதிமூணு மணி நேரம் இந்த மனுஷன் எப்படி இருப்பாருன்னு தெரியல." இல்லாத அழுக்கைக் கழுவப் போய், இல்லாத பழக்கத்தை வாங்கிக்கொண்டு வந்திருந்தார் மனிதர்.

மாசி பிறந்தது. சம்பா அறுத்த தாளடியில் உளுந்து பச்சைப் பசேலென்று நின்றது. கூடவே அசுவினியும் வந்தது. கொழுந்தில் கறுப்புக் கறுப்பாக அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும் பூச்சி. அகிலாண்டம் அதற்கு மருந்து வாங்குவதில்லை. புகையிலையைத் தண்ணீரில் ஊறப் போட்டுக் காய்ச்சி, வடிகட்டித் தெளிப்பாள். அந்தக் கஷாயம் கையில் பட்டால் அவளுக்கு ஒரு மணி நேரத்தில் தலை சுற்றும், வாயில் நீர் ஊறும், நெஞ்சு படபடவென்று அடிக்கும். அதனால் கையில் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டுதான் தொடுவாள்.

ஒருநாள் காலை வைத்தியலிங்கம் வரப்பில் உட்கார்ந்து குழலில் அமுதம் ஊற்றிக்கொண்டிருந்தார். இருமல் வந்து கை ஆடிற்று. புட்டி சரிந்து பாதி அமுதம் பக்கத்து உளுந்துச் செடியில் கொட்டியது. அகிலாண்டம் ஓடிவந்து புட்டியை எடுத்தாள். விரலெல்லாம் பிசுக்கென்று ஒட்டிக்கொண்டது. சேலையில் துடைத்துவிட்டுக் களை பறிக்கப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் தலை சுற்றியது. வாயில் நீர் ஊறியது. நெஞ்சு படபடவென்று அடித்தது.

அவள் அப்படியே நின்றாள். பிறகு மெல்ல நடந்து அந்த உளுந்துச் செடியிடம் வந்து குனிந்து பார்த்தாள். அசுவினி முழுதும் உதிர்ந்து கிடந்தது. பக்கத்துச் செடியில் சுகமாகச் சாறு குடித்துக்கொண்டிருந்தது.

துளசியால் அவளுக்குத் தலை சுற்றியதில்லை. தூதுவளை ரசம் வைத்த எந்த நாளும் நெஞ்சு படபடத்ததில்லை.

மறுநாள் மன்னார்குடியில் ஆயிஷாவின் மருந்துக் கடைக்குப் போனாள். ஆயிஷா மருந்தாளுநர் படிப்புப் படித்து, வாப்பா விட்டுப்போன கடையைத் தானே நடத்துகிறவள். புட்டியை மோந்து பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"அக்கா, இது வேப்பு. சிகரெட்டுக்குப் பதிலா இழுக்குறது. நம்ம நாட்டுல விக்கவே கூடாதுன்னு சட்டம் இருக்கு. இதுக்கா துளசின்னு பேரு?"

ஸ்பிரிட்டைத் தொட்டுச் சித்தர் படத்தை மெல்ல உரித்தாள். சித்தருக்குக் கீழே ஒரு மாம்பழப் படம் இருந்தது. மாம்பழத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இங்கிலீஷ். ஆயிஷா படித்துச் சொன்னாள். "அஞ்சு சதவீதம் நிகோடின். புகையிலையில இருக்குற அதே சரக்குதான். மத்தபடி கிளிசரின் மாதிரி ரெண்டு திரவம், வாசனைக்கு என்னமோ ரசாயனம்."

"செத்தது கிளிசரினால இருக்குமோ?"

"என்னா செத்துச்சு?"

அகிலாண்டம் சொன்னாள். ஆயிஷா அலமாரிப் பக்கம் திரும்பினாள். பிறகு ஒரு சின்னக் கிளிசரின் புட்டியை எடுத்து வைத்தாள். "பாத்துடுங்களேன்."

அன்று சாயங்காலம் அகிலாண்டம் அசுவினி மொய்த்த மூன்று உளுந்துக் கொழுந்துகளை மூன்று தட்டில் வைத்தாள். ஒன்றில் துளசி காய்ச்சின தண்ணீர். ஒன்றில் கிளிசரின் கலந்த தண்ணீர். மூன்றாவதில் அமுதம் கலந்த தண்ணீர். எல்லாவற்றிலும் ஒரே அளவு. துளசியில் பூச்சி நனைந்து நடந்தது. கிளிசரினில் ஒட்டிக்கொண்டு நெளிந்தது. அமுதத்தில் விளக்கேற்றுவதற்குள் விறைத்துவிட்டது.

அவள் கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். உரித்த புட்டியையும் காட்டினாள். வைத்தியலிங்கம் பார்த்தார். பார்த்துவிட்டுக் குழலை ஓர் இழுப்பு இழுத்தார்.

"அந்தப் பொண்ணு மருந்துக் கடை வச்சிருக்கு. எல்லாரும் குணமாயிட்டா அது கடையை மூடணும். அது அப்படித்தான் சொல்லும்."

"பூச்சி செத்துக் கெடக்கே. பூச்சியும் மருந்துக் கடையா வச்சிருக்கு?"

"நான் பீடிய விட்டேனா இல்லையா? அத மட்டும் சொல்லு. நாப்பது நாளு. ஒரு பீடி, ஒரே ஒரு பீடி தொட்டிருந்தா என் கை அழுவிப் போவட்டும். அந்தத் தம்ளர் பொய்யா? என் நெஞ்சுல வந்த கசடு பொய்யா?"

 அந்தத் தம்ளர்தான் அகிலாண்டத்துக்கும் புரியவில்லை. ஆனால் அன்று படுக்கும் முன் ஒரு விஷயம் உறைத்தது. அழுக்கு நெஞ்சுக்காரர்கள் எல்லாரும் பித்தளைக் குடத்தில் ஊதினார்கள். சுத்த நெஞ்சுக்காரர்கள் எல்லாரும் செம்புக் குடத்தில் ஊதினார்கள். ஒருவராவது குடம் மாற்றி ஊதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆலையில் முன்னைவிட இரண்டு மடங்கு கூட்டம். அகிலாண்டம் அசுவினி மொய்த்த புதுக் கொழுந்துத் தட்டுகளோடும் ஆயிஷாவோடும் போனாள். சுவாசானந்தர் பேசி முடித்ததும் எழுந்தாள்.

"சாமி, ஒரு சந்தேகம்."

வைரக்கண்ணு மைக்கை இறுக்கிப் பிடித்தான். சுவாசானந்தர் கையைக் காட்டி, விடு என்றார். கூட்டம் பார்க்கும்போது பெரியமனிதர்கள் பெருந்தன்மையாகத்தான் இருப்பார்கள்.

அவள் மேடையில் தட்டுகளை வைத்தாள். மூன்று தண்ணீரையும் தெளித்தாள். முன்வரிசைக்காரர்கள் எல்லாரும் விவசாயிகள், அசுவினியோடு பரம்பரைப் பகை உள்ளவர்கள். எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். காத்திருந்தார்கள். அமுதத் தட்டில் பூச்சிகள் ஒவ்வொன்றாகக் காலை நீட்டின.

"இது புகையிலைச் சத்து சாமி. இதத்தான் எங்க வூட்டுக்காரரு நாளெல்லாம் இழுக்குறாரு" என்றாள். ஆயிஷா உரித்த புட்டியைத் தூக்கிக் காட்டினாள்.

 ஆட்டம் முடிந்தது என்றுதான் அகிலாண்டம் நினைத்தாள். சுவாசானந்தர் புன்னகைத்தார்.

"புட்டி வெளிநாடு. உள்ள இருக்குறது நம்ம நாடு. தாயே, நீங்க எனக்கு எதிரா வந்தீங்க. ஆனா சித்தர் உங்க கையாலயே உண்மையக் காட்டிட்டாரு. செடியில இருக்குற பூச்சியே இப்படிச் சாவுதுன்னா, நெஞ்சுல இருக்குற கிருமி என்னா கதிக்கு ஆவும்?"

கூட்டம் கை தட்டியது. தட்டிய தட்டலில் ஆலைக் கூரையில் பத்து வருஷமாகத் தங்கியிருந்த உமி உதிர்ந்தது. நான்கைந்து பேர் வயலுக்குத் தெளிக்க மொத்தமாகக் கிடைக்குமா என்று வைரக்கண்ணுவிடம் கேட்டார்கள். விஷம் என்று நிரூபித்தால் அதையே விளம்பரமாக எடுத்துக்கொள்ளும் ஒரு கூட்டத்தின் முன் அகிலாண்டம் தட்டோடு நின்றாள். வைத்தியலிங்கம் வெட்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

ஆயிஷா அவள் காதில், "வாங்க அக்கா, போயிடலாம்" என்றாள்.

அகிலாண்டம் போகவில்லை. பித்தளைக் குடத்திடம் போனாள். ஒரு தம்ளர் மொண்டு, உறிஞ்சுகுழாயைப் போட்டு, ஊதினாள். இருபது எண்ணுவதற்குள் தண்ணீர் வெளுத்தது.

"நான் பொறந்ததுலேர்ந்து பீடி தொட்டதில்ல சாமி. எனக்கு எங்கேருந்து கசடு?"

"புருஷன் விட்ட புகை, தாயே. பக்கத்துல இருந்தவங்க நெஞ்சுலயும் அது படியும். விஞ்ஞானமே சொல்லுது."

அதில் பாதி உண்மை. பாதி உண்மையைப் போல உபயோகமான பொருள் இந்தத் தொழிலில் வேறு இல்லை. கூட்டம் தலையாட்டியது.

"அப்ப நீங்க ஊதிக் காட்டுங்க. உங்களவிடச் சுத்தமான நெஞ்சு யாருக்கு இருக்கு?"

"குரு ஊதக் கூடாது. ஊதுனா சக்தி வீணாயிடும்."

"சரி. எங்க வூட்டுக்காரரு ஊதட்டும். நாப்பத்திரெண்டு நாளு ஆச்சு."

வைத்தியலிங்கம் நிமிர்ந்தார். இதற்காகத்தான் அவர் காத்திருந்தார் போலும். விறுவிறுவென்று மேடைக்கு வந்தார். மனைவியை ஜெயிக்கும் சந்தர்ப்பம் அவருக்கு முப்பது வருஷத்தில் அதிகம் வாய்த்ததில்லை. வைரக்கண்ணு செம்புக் குடத்தில் மொண்டு நீட்டினான். அகிலாண்டம் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பித்தளைக் குடத்துத் தண்ணீரைக் கொடுத்தாள்.

"அவரு மொதல்ல ஊதுன அதே கொடந்தான் சாமி. கசடு போயிருந்தா வெளுக்கக் கூடாதுல்ல."

சுவாசானந்தர் வாயைத் திறப்பதற்குள் வைத்தியலிங்கம் ஊத ஆரம்பித்துவிட்டார். மூச்சு வாங்கியது. நிறுத்தி, இருமி, மறுபடி ஊதினார். தம்ளர் மங்கிற்று. வெளுத்தது. முதல் நாள் வெளுத்த மாதிரியே வெளுத்தது.

அவர் தம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயா" என்றார் சுவாசானந்தர், குரலில் வருத்தம் சொட்ட. "ரகசியமா பீடி குடிச்சிருக்கீங்க. சித்தருகிட்ட மறைக்க முடியுமா?"

அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவர் தப்புச் செய்தார். அசுவினி சொல்லியும், புட்டி சொல்லியும், மனைவி சொல்லியும் அசையாத வைத்தியலிங்கம் மெல்லத் திரும்பினார்.

"என்னா சொன்னீங்க?"

"மனுஷனுக்குச் சபலம் சகஜம்..."

"நாப்பத்திரெண்டு நாளு" என்றார் வைத்தியலிங்கம். குரல் உயரவில்லை. மூச்சு இல்லாததால் ஒவ்வொரு சொல்லாக வந்தது. "எதுத்தாப்புல ஒக்காந்து குடிச்சவன் பீடி வாசத்துல எச்சி முழுங்கிட்டு இருந்தேன். ஒன்னு தொடல. எனக்குத் தெரியும். என் பொண்டாட்டிக்குத் தெரியும். உங்க சித்தருக்குத் தெரியலன்னா அவரு சித்தரு இல்ல."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். "ஹபீப் பாய், மேல வாங்க. நீங்க பீடியே தொடாதவரு. பித்தளையில ஊதுங்க."

ஹபீப் முகம்மது ஊதினார். வெளுத்தது.

"இப்ப செம்புல ஊதுங்க."

ஊதினார். தெளிவாக இருந்தது. ஒரே மனிதர், ஒரே நிமிஷம், ஒரு குடத்தில் மகா பாவி, அடுத்த குடத்தில் மகாத்மா.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் அழைக்கவில்லை. கூட்டமே மேடையில் ஏறியது. சென்ற வாரம் கசடு போனவர் என்று கை தட்டல் வாங்கியவர் பித்தளையில் ஊதினார். வெளுத்தது. இதுவரை கைக்குழந்தையோடு பேசாமல் உட்கார்ந்திருந்த ஒரு பெண் ஊதினாள். வெளுத்தது. நெல்மணி காயப்போடும் தளத்தில் தம்ளர் தம்ளராக வெள்ளைத் தண்ணீர். கடைசியில் வைரக்கண்ணுவே ஒரு தம்ளரை எடுத்தான். அவனுக்கும் தெரிந்திருக்கவில்லை போலும். ஊதி, வெளுத்ததைப் பார்த்து, மைக்கை மெதுவாகக் கீழே வைத்தான்.

அகிலாண்டம் விரலைக் குடத்தில் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். தினம் வெற்றிலைக்குத் தடவுகிறவளுக்கு அடையாளம் தெரியாதா? "சுண்ணாம்பு" என்றாள்.

"தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணி" என்றாள் ஆயிஷா. "யாரு மூச்சு பட்டாலும் வெளுக்கும். பள்ளிக்கூடத்துல செஞ்சு காட்டுவாங்களே, யாரும் படிக்கலியா?" படித்தவர்கள் ஒரு நாற்பது பேர் அங்கே இருந்தார்கள். எல்லாரும் மேற்கூரையைப் பார்த்தார்கள்.

சுவாசானந்தர் நாற்காலியில் இல்லை. ஆலையின் பின்பக்கம் உமி தள்ளும் வாசல் திறந்திருந்தது. அவர் அதுவரைக்கும்தான் போக முடிந்தது. அங்கே நாலு பேர், காணிக்கையைக் கேட்காமல், ஒரு தம்ளரோடு நின்றார்கள். ஊதச் சொன்னார்கள். குருவின் மூச்சிலும் தண்ணீர் வெளுத்தது. போலீஸ் வந்து விசாரித்தபோது அவர் பெயர் ராஜ்குமார் என்றும், இதற்கு முன் வேறு ஊரில் செல்போன் கவர் விற்றார் என்றும், குழல்கள் பெட்டி பெட்டியாக எங்கிருந்தோ திருட்டுத்தனமாக வந்தன என்றும் தெரிந்தது.

வைத்தியலிங்கத்தை அகிலாண்டம் அந்த வாரமே தஞ்சாவூருக்கு அழைத்துப் போனாள். ஊதிப் பார்த்ததில் முன்னைக்கு இப்போது மோசம். இன்ஹேலரை நிறுத்தினதுதான் பெரிய கெடுதல் என்றார் டாக்டர் அம்மா.

"அப்ப பீடிக்கே போயிடட்டுமா?" என்றார் வைத்தியலிங்கம். எரிச்சலில் கேட்டதுதான். டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"பீடியில எரியிற புகை இருக்கு, கரி இருக்கு, தார் இருக்கு. இதுல அதெல்லாம் கொறச்சல். அது உண்மைதான். கொறச்சல்னா இல்லைன்னு அர்த்தம் இல்லைங்க. சூடாக்குன ரசாயனம் மூச்சுக்குழாயப் புண்ணாக்கும். வெளிநாட்டுல சின்னப் பசங்க நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில படுத்திருக்காங்க. இருபது முப்பது வருஷம் இழுத்தா என்னா ஆவும்னு இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாது. இது வந்தே அத்தனை வருஷம் ஆவல. புட்டியில என்னா ஊத்துனான்னு வேற தெரியாது. உங்க நெஞ்சு இருக்குற நெலமைக்கு ரெண்டும் வேணாம். நிகோடின விட மாத்து மருந்து நாங்க தர்றோம். நாப்பத்திரெண்டு நாளு பீடியத் தொடலல்ல? அது சித்தர் பண்ணல. நீங்க பண்ணுனது."

 திரும்பும் பஸ் நீடாமங்கலம் தாண்டியதும் வைத்தியலிங்கம், "இன்ஹேலர எங்க வச்சிருக்க?" என்று மட்டும் கேட்டார்.

ஹபீப் முகம்மதுவுக்குத்தான் கஷ்டம் அதிகம். முன்பு தொடாத பழக்கத்தை விடுவதற்கு அவருக்கு ரமலான் முழுதும் தேவைப்பட்டது. இன்னும் பெருஞ்சீரகம் மென்றுகொண்டுதான் எடை போடுகிறார்.

பங்குனியில் ஒரு காலை, அகிலாண்டம் உளுந்துச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தபோது, திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்து வரப்போரம் நின்றது. இருபது பேர் இறங்கினார்கள். முன்னால் வந்த பெண் கையில் தட்டு, தட்டில் எலுமிச்சம்பழம், மாலை. பின்னால் வைரக்கண்ணு, கையில் மைக்.

"சாமியாரையே கண்டுபிடிச்ச தாயி" என்றாள் அந்தப் பெண், ஈர வரப்பில் விழுந்து கும்பிட்டு. "எம் மவனுக்கு வேலை எப்ப கெடைக்கும்னு அருள் வந்து சொல்லணும்."

அகிலாண்டம் இடுப்பில் கை வைத்து எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள். மண் ஒட்டிய கையால் அந்த மாலையை எடுத்து, வேன் ஓட்டி வந்தவன் கழுத்தில் போட்டாள்.

"எந்திரிங்க. எனக்கு எந்த அருளும் வரல" என்றாள். "சந்தேகந்தான் வந்துச்சு. அது உங்களுக்கும் வரும். வர்றப்ப அத அடக்காதீங்க, அவ்வளவுதான்."